எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் பாடல்களைக் குழுவாகப் பாட எந்த அமைப்பு ஏற்றது?

அமெரிக்க ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாடி நிலைபெறச் செய்த ஜாஸ் ஸ்டாண்டர்டுகளை, அதாவது பலரும் திரும்பத் திரும்பப் பாடும் புகழ்பெற்ற பாடல்களை, கொண்டு ஒரு மாலை நிகழ்ச்சியை நடத்த விரும்பும் பாடகர் குழு, எந்தப் பாடல்களை எடுப்பது என்று பட்டியல் போடுவதற்கு முன்பே, அவற்றை எந்த அமைப்பில் பாடுவது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். வாத்தியமே இல்லாமல் நெருக்கமான ஹார்மனியில் பாடலாம். பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் என்ற ரிதம் செக்ஷன் துணையோடு நான்கு குரல்களில் பாடலாம். எலாவின் ஸ்கேட் கற்பனையை, அதாவது பொருளற்ற அசைகளால் அந்தக் கணத்தில் புனைந்து பாடுவதை, நோட்டேஷனாக எழுதி அதையே பலர் சேர்ந்து பாடலாம். ஒருவரைத் தனிக்குரலாக முன்னிறுத்தி மற்றவர்கள் பின்னணியாகவும் நிற்கலாம். இந்த நான்கு வழிகளுக்கும் அமெரிக்க ஜாஸ் வரலாற்றில் முன்னோடிகள் உண்டு. முப்பது, நாற்பது பேர் கொண்டதும், நோட்டேஷன் படிக்கத் தெரிந்ததும், ஆனால் ஜாஸில் ஊறாததுமான, வாரம் ஒருமுறை கூடிப் பழகும் தொழில்சாராக் குழுவை மனத்தில் வைத்தே இங்கே எடைபோடுகிறேன். ஆளுக்கொரு மைக் பிடித்துப் பாடும் எட்டுப் பேர் கொண்ட தேர்ந்த குழுவுக்கு இந்த முடிவுகளில் பாதி பொருந்தாது.

எடைபோடுவதற்கான அளவுகோலை எலாவின் வாழ்க்கையிலிருந்தே எடுக்க முடியும் என்பது என் எண்ணம். வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில் 1917 ஏப்ரல் 25 அன்று பிறந்து, நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் வளர்ந்த அவர், சிறுவயதில் ஆக விரும்பியது நடனக்காரியாகத்தான். 1932இல் தாயை இழந்த பின் அநாதை இல்லத்திலும், அதன்பின் ஹட்சன் நகரிலிருந்த பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளியிலும் அடைபட்டுக் கிடந்து, வெளியே வந்து ஹார்லெம் தெருக்களில் நிலையான இருப்பிடமின்றி அலைந்த காலத்தில், 1934 நவம்பர் 21 அன்று அப்போலோ அரங்கின் புதியவர் போட்டியில் மேடையேறினார். அன்றும் ஆடுவதற்கென்றே வந்திருந்தார். அவருக்கு முன்னால் எட்வர்ட்ஸ் சகோதரிகள் ஆடி அரங்கைத் தம் வசப்படுத்திவிட்டதைக் கண்டு அஞ்சி, ஆடாமல் பாடினார். வானொலியில் கேட்டுக் கேட்டு மனத்தில் பதிந்திருந்த பாடகி கானி பாஸ்வெல்லின் பாணியில் இரண்டு பாடல்களைப் பாடி முதல் பரிசான 25 டாலரை வென்றார். மறு ஆண்டு சிக் வெப்பின் இசைக்குழுவில் சேர்ந்தார். வெப் ஒரு டிரம்ஸ் கலைஞர். அவருடைய குழு வாசித்த சவாய் நடனக்கூடத்திற்கு மக்கள் உட்கார்ந்து கேட்க வரவில்லை, ஆட வந்தார்கள். ஆடும் கால்களுக்காக, ஒரு டிரம்ஸ் கலைஞரின் தலைமையில் பாடிப் பழகிய குரல் என்பதை மறந்துவிட்டு எலாவின் பாட்டைக் குழுவுக்கு அமைக்க முனைந்தால் முதல் அடியே தவறிவிடும். ஆகவே காலப்பிரமாணம், அதாவது தாள நடை, முதல் அளவுகோல்.

இரண்டாவது அளவுகோல் சொல். 1956இல் கோல் போர்ட்டரின் பாடல்களோடு தொடங்கி 1964இல் ஜானி மெர்சரின் பாடல்களோடு முடிந்த எட்டு ‘சாங் புக்’ தொகுப்புகளில் எலா பாடல்களைப் பெரும்பாலும் எழுதியபடியே பாடினார். மேடையில் பலரும் விட்டுவிடும் முன்னுரைப் பகுதிகளைக்கூடப் பல பாடல்களில் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு மெய்யெழுத்தும் காதில் விழும் தெளிவு அந்தப் பதிவுகளில் இருக்கிறது. மூன்றாவது அளவுகோல் சுதந்திரம்: அடுத்த எட்டு அளவில் (அளவு என்பது தாளத்தின் ஒரு சுற்று) என்ன வரும் என்பதைப் பாடுகிறவரே அந்தக் கணத்தில் தீர்மானிக்கிறார் என்ற உணர்வு. குழுப் பாடல் என்பது இயல்பாகவே இந்த மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் விலையாகக் கேட்கும். எந்த அமைப்பு எதை எவ்வளவு கேட்கிறது என்பதுதான் ஒப்பீடு.

வாத்தியமில்லாத நெருக்கமான ஹார்மனியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாடகர் குழுக்களை அதிகம் மயக்குவது அதுதான். ஹை-லோஸ், சிங்கர்ஸ் அன்லிமிட்டெட் ஆகிய குழுக்களை நடத்திய ஜீன் பியூர்லிங் இந்த வகையின் பேராசான். மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் குழு 1981இல் வெளியிட்ட ‘எ நைட்டிங்கேல் சாங் இன் பெர்க்லி ஸ்குவேர்’ பாடலுக்கு அவர் அமைத்த ஹார்மனியைக் கேட்டவர்களுக்கு, ஒரே மெட்டின் அடியில் கார்ட்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எவ்வளவு மெல்ல உருக முடியும் என்பது தெரியும். ஏழாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் சுரங்கள் சேர்ந்த கார்ட்டுகளில் பக்கத்துக் குரலோடு ஒரு முழுத்தொனி அல்லது அரைத்தொனி இடைவெளியிலேயே நிற்க வேண்டியிருப்பதால், சுருதி சிறிது நழுவினாலும் நிறம் முழுவதும் கலங்கிவிடும். போதாக்குறைக்கு நான்கு குரல்களுமே பிரிந்து ஆறாகவும் எட்டாகவும் ஆகும் இடங்கள் வரும். நாற்பது பேர் உள்ள குழுவில் இது முடியாததன்று. தேவாலய இசையில் பழகியவர்களுக்குச் சுருதிச் சுத்தம் புதிதுமில்லை. ஆனால் சிங்கர்ஸ் அன்லிமிட்டெடின் பதிவுகளில் கேட்கும் அந்தப் பளபளப்பு, நான்கே பேர் தங்கள் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவு செய்து பெற்றது என்பதை, அதைப் பார்த்து ஆசைப்படும் குழு முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வழியின் உண்மையான குறை சுருதியில் இல்லை, தாளத்தில் இருக்கிறது. டபுள் பேஸ் இல்லாதபோது பேஸ் எனும் மிகத் தாழ்ந்த ஆண்குரல்கள்தாம் கார்ட்டின் அடிச்சுரத்தையும் தாங்க வேண்டும், நான்கு எண்ணிக்கையின் நடையையும் காட்ட வேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்வது சிறு குழுவில் ஒரே ஒரு வல்லவரால் முடியும். பத்துப் பேர் சேர்ந்து ‘தூம் தூம்’ என்று நடக்கும்போது நடை கனத்துவிடுகிறது. பாரிஸில் வார்ட் ஸ்விங்கிள் நடத்திய ஸ்விங்கிள் சிங்கர்ஸ் குழு 1963இல் ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையைச் சொல்லில்லாமல் பாடி உலகப் புகழ் பெற்றபோது, எட்டே எட்டுத் தேர்ந்த குரல்களுக்குக்கூட டபுள் பேஸும் டிரம்ஸும் துணைக்கு இருந்தன. அவர்களே துணையின்றி இறங்காத நிலையில், வாரம் ஒருமுறை கூடும் குழு துள்ளல் நடையுள்ள வேகமான ஸ்விங் பாடலை வாத்தியமின்றிப் பாட முனைவது வீம்பு என்றே சொல்வேன். ஆகவே இந்த வழி மெதுவான பாடல்களுக்கு மட்டும், அதுவும் ஒரு நிகழ்ச்சியில் ஒன்றோ இரண்டோ.

ரிதம் செக்‌ஷனோடு நான்கு குரல் என்ற இரண்டாவது வழி அச்சிட்ட இசைத்தாள்களில் அதிகம் கிடைப்பது. கர்பி ஷா போன்றவர்களின் ஜாஸ் அமைப்புகள் பல, நான்கு குரல், மூன்று குரல், பெண்குரல் மட்டும் என்று வெவ்வேறு வடிவங்களில் வெளிவந்திருக்கின்றன. அடிச்சுரத்தை டபுள் பேஸ் ஏற்றுக்கொள்வதால் பேஸ் குரல் அதிலிருந்து விடுபட்டு, மேலே மற்றவர்களோடு நெருங்கி வந்து நிற்க முடிகிறது. தாளத்தை டிரம்ஸ் ஏற்றுக்கொள்வதால் குழு தாளத்துக்குச் சற்றுப் பின்னால் நின்று நிதானமாகப் பாடவும், சொல்லைத் தாளத்தின்மேல் நகர்த்திப் பார்க்கவும் இடம் கிடைக்கிறது. முதல் அளவுகோலில் இதற்கு இணையாக மற்றொன்று இல்லை.

ஆனால் வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் ஸ்விங் தானாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் இந்த வழியில் நடக்கும் பெரும் பிழை. தாளில் சமமாகத் தெரியும் இரண்டு குவேவர்களில் (அரை எண்ணிக்கை நோட்டுகளில்) முதலாவதை நீட்டியும் இரண்டாவதைச் சுருக்கியும் பாடுவது, அந்தச் சுருங்கிய நோட்டுக்கு அழுத்தம் கொடுப்பது, வேகம் கூடக்கூட அந்த நீட்டல் குறைந்து ஏறத்தாழ சமமாகவே ஆகிவிடுவது ஆகியவை காதால் மட்டுமே கற்க வேண்டியவை. முதல் சில பயிற்சிகளில் இசைத்தாளையே கொடுக்காமல், எலாவின் பதிவைப் போட்டு அதனோடு சேர்ந்து சொற்களைப் பேசவைக்கும் முறை நல்ல பலன் தரும். வைப்ராட்டோவை, அதாவது குரலின் அதிர்வை, குறைத்துப் பேச்சுக்குரலுக்கு அருகில் பாடச் சொல்ல வேண்டும். சொப்ரானோக்களை (உயர்ந்த பெண்குரல்களை) உச்சத்துக்கு அனுப்பும் அமைப்புகளைத் தவிர்க்க வேண்டும். எலாவின் குரலெல்லை ஏறத்தாழ மூன்று எண்மங்களாகப் புகழப்பட்டாலும், பாடலின் மெட்டை அவர் சொன்னது பெரும்பாலும் நடு ஸ்தாயியில்தான். மேலே ஏறிய சொப்ரானோ சொல்லை விழுங்கிவிடும் என்பது எல்லாக் குழு நடத்துநர்களுக்கும் தெரிந்த உண்மை. இன்னொரு குறை, இத்தகைய அச்சிட்ட அமைப்புகளில் பல ஒன்றைப்போல் மற்றொன்று ஒலிப்பது. ஒரே மாதிரி ‘டூ-வா’, ஒரே மாதிரி இறுதிக் கார்ட். இப்படி ஆறு பாடல்களை வரிசையாகக் கேட்டால் நல்ல காதும் சலித்துப்போகும்.

மூன்றாவது வழியான எழுதிவைத்த ஸ்கேட்டைப் பற்றி எனக்குத் தயக்கம் அதிகம். 1940களில் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவோடு சுற்றுப்பயணம் சென்று பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணியின் மொழியைக் காதால் உள்வாங்கிய எலா, 1947இல் ‘ஓ, லேடி பி குட்’, ‘ஹௌ ஹை த மூன்’ இரண்டையும் சொல்லின் பிடியிலிருந்து விடுவித்துப் பதிவு செய்தார். 1960 பிப்ரவரி 13 அன்று பெர்லினில் இரண்டாம் பாடலை மீண்டும் பாடியபோது, வழியில் பிற பாடல்களின் மெட்டுகளைத் துண்டுதுண்டாகக் கோத்துக்கொண்டே போனார். அதே மேடையில் ‘மாக் த நைஃப்’ பாடலின் சொற்கள் மறந்துபோக, மறந்துவிட்டேன் என்பதையே பாட்டாக்கிப் பாடி முடித்ததும் பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. இவற்றை நோட்டேஷனாக எழுதி நாற்பது பேர் ஒத்திகை பார்த்துப் பாடுவது, ஒரு வித்வான் ஒரு கச்சேரியில் பாடிய கற்பனை ஸ்வரத்தை எழுதிவைத்துப் பள்ளி ஆண்டுவிழாவில் கோஷ்டியாக ஒப்பிப்பதற்குச் சமம். சுரம் எல்லாம் சரியாக இருக்கும். அது சுரம் பாடுவதாக மட்டும் இருக்காது.

இதற்கு மறுப்பாக லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ், ராஸ் என்ற பாடகர்கள் மூவரைச் சொல்வார்கள். கவுன்ட் பேஸி இசைக்குழுவின் வாத்தியப் பகுதிகளுக்கும் தனி வாசிப்புகளுக்கும் சொல் எழுதி 1957இல் அவர்கள் பதிவு செய்த தொகுப்பு இந்த வழியின் சிகரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதிவு உருவான கதை குழு நடத்துநருக்கு எச்சரிக்கையாகவே இருக்கிறது. முதலில் பதிவுக்கூடப் பாடகர்கள் பலரைக் கொண்ட ஒரு குழுவை வைத்துத்தான் முயன்றார்கள். எழுதியதைப் பிசகாமல் பாடத் தெரிந்த அந்தத் தொழில்முறைப் பாடகர்களிடம் ஸ்விங் வரவில்லை. கடைசியில் அவர்களை அனுப்பிவிட்டு, மூவருமே எல்லாக் குரல்களையும் அடுக்கடுக்காகப் பதிவு செய்து முடித்தார்கள். எனவே முழு ஸ்கேட் பதிவைக் குழுவுக்கு எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு, வேண்டுமானால் எட்டு அளவு நீளமுள்ள ஒரு துண்டை ஆல்ட்டோக்களும் (தாழ்ந்த பெண்குரல்கள்) டெனர்களும் (உயர்ந்த ஆண்குரல்கள்) ஒரே மெட்டாகப் பாடும்படி நடுவில் வைக்கலாம். அதற்கு மேல் போவதில் பலன் குறைவு, உழைப்பு மிகுதி.

தனிக்குரலும் பின்னணிக் குழுவும் என்ற நான்காவது வழியைக் குழு உறுப்பினர்கள் முதலில் விரும்புவதில்லை. ‘நாங்கள் ஊ, ஆ என்று நிற்பதற்கா வந்தோம்’ என்ற கேள்வி நியாயமானதே. இருந்தும் எலாவின் சொந்தப் பதிவுகளில் பிற பாடகர்கள் வரும் இடங்களைத் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் இந்த வடிவம்தான். 1937இல் மில்ஸ் பிரதர்ஸோடும், 1944இல் இங்க் ஸ்பாட்ஸோடும் அவர் பாடியிருக்கிறார். 1948இல் அமெரிக்க வாத்தியக் கலைஞர் சங்கம் பதிவுகளில் வாசிக்கத் தடை விதித்திருந்ததால், ‘மை ஹேப்பினஸ்’ பாடலை சாங் ஸ்பின்னர்ஸ் என்ற குரல்குழுவின் பின்னணியோடு வாத்தியமே இல்லாமல் பதிவு செய்தார். மெதுவான பாடலுக்கு வாத்தியமின்மை பொருந்தும் என்று மேலே சொன்னதற்கு அது சான்றாகவும் அமைகிறது. 1967இல் ரால்ஃப் கார்மைக்கேலின் குழுவோடு கிறிஸ்தவத் துதிப்பாடல்களை ஒரு முழுத் தொகுப்பாகவே பாடினார். இவையெல்லாம் ஒருபுறமிருக்க, சிக் வெப் குழுவோடு 1938இல் எலா பாடிய, அவரை நாடறியச் செய்த ‘எ-டிஸ்கெட், எ-டாஸ்கெட்’ பாடலில் குழு வேலை முன்பே இருக்கிறது. தொலைந்த கூடையைத் தேடும் பெண்ணிடம் இன்ன நிறமா, இன்ன நிறமா என்று இசைக்குழுவினர் கேட்க, இல்லை இல்லை என்று அவர் மறுக்கும் இடத்தை அப்படியே எடுத்து நாற்பது பேரிடம் கொடுத்தால், யாருக்கும் சும்மா நிற்கிறோம் என்ற குறை இருக்காது. அமைப்பாளர் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதுமில்லை.

மூன்று அளவுகோல்களையும் ஒருசேரத் தாங்குவது இந்த நான்காவது வழி ஒன்றே. தனிக்குரல் சொல்லைத் தெளிவாகச் சொல்லலாம், தாளத்தோடு விளையாடலாம், முடிந்தவர் இரண்டாம் சுற்றில் மெட்டைச் சற்று மாற்றியும் பாடலாம். குழு அவருக்குப் பின்னால் சாக்ஸஃபோன் வரிசையாகவும் வயலின் வரிசையாகவும் நிற்கிறது. இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, தனிக்குரல் பாடுகிறவர் எலாவை நகலெடுக்க முயல்வது. எலாவே அப்போலோ மேடையில் கானி பாஸ்வெல்லை நகலெடுத்துத்தான் தொடங்கினார் என்று பதில் சொல்லலாம். ஆனால் பதினேழு வயதில் செய்தது அது. மற்றொன்று, ஒருவரே எல்லாப் பாடலிலும் முன்னால் நின்று, மாலை அவருடைய தனிக் கச்சேரியாக ஆகிவிடுவது. பாடலுக்கு ஒருவர் என்றும், ஒரே பாடலின் வெவ்வேறு எட்டு அளவுகளை வெவ்வேறு பேருக்கு என்றும் பிரித்துக் கொடுத்தால் இந்த இரண்டுமே குறையும். முப்பத்திரண்டு அளவுகளில், முதல் மெட்டு இருமுறை வந்து, நடுவே வேறொன்று வந்து, பின் முதல் மெட்டே திரும்பும் ஸ்டாண்டர்ட் வடிவம் இப்படிப் பங்கிடுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

பெண்குரல்கள் மட்டுமே உள்ள குழுவாக இருந்தால் கணக்கு சற்று மாறும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்து பாஸ்வெல் சகோதரிகள் மூவரும் பாடிய நெருக்கமான மூன்று குரல் பாணி, எலாவின் குரலுக்கு மூலமான பாணி என்பதால், அதைப் பின்பற்றி அமைத்துக்கொள்வது வரலாற்று நோக்கிலும் பொருத்தமானது. பாடலின் நடுவே வேகத்தையே மாற்றிவிடும் அவர்களுடைய துணிச்சல் கேட்பவரைத் தூங்க விடாது.

இனி என் தேர்வு. நிகழ்ச்சியின் முதுகெலும்பாக, பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் மூன்றும் சேர்ந்த டிரியோவின் துணையோடு தனிக்குரலும் பின்னணிக் குழுவும் பாடும் பாடல்கள். அவற்றுக்கிடையே குழு முழுவதும் முன்னால் வரும்படி அச்சிட்ட நான்கு குரல் அமைப்புகளில் இரண்டு அல்லது மூன்று. நடுவில் வாத்தியமில்லாத ஒரு மெதுவான பாடல். முழு ஸ்கேட் நோட்டேஷன் வேண்டாம். பணமில்லை, டிரியோவை அமர்த்த முடியாது என்றால் பியானோவைக் கைவிட்டாலும் டபுள் பேஸைக் கைவிடாதீர்கள் என்பேன். எலாவும் கிடார் கலைஞர் ஜோ பாஸும் 1970களில் ஒரே ஒரு கிடாரோடு முழுத் தொகுப்புகளையே பதிவு செய்து முடித்தார்கள். துணை சிறியதாக இருப்பதில் குறையில்லை, அடித்தளம் இல்லாமல் இருப்பதில்தான் குறை.

இந்தத் தேர்வைச் சோதித்துப் பார்க்க ஏற்ற பாடல் ‘ஓ, லேடி பி குட்’. 1947இல் மின்னல் வேகத்தில் ஸ்கேட்டாகப் பாடிய அதே பாடலை, நெல்சன் ரிடில் அமைத்த 1959ஆம் ஆண்டின் கெர்ஷ்வின் சகோதரர்களின் பாடல் தொகுப்பில் எலா மிக மெதுவாக, ஒரு வேண்டுதலைப் போலப் பாடினார். குழு இந்த இரண்டாம் வடிவத்தை வாத்தியமின்றி நான்கு குரலில் பாடி, அது அடங்கியவுடன் டிரம்ஸ் எழ, தனிக்குரல் ஒன்று முதல் வடிவத்தின் வேகத்தில் அதே மெட்டைத் தொடங்கினால், நாம் ஒப்பிட்ட வழிகளில் இரண்டைக் கேட்பவரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.

பாடல்களுக்கிடையே வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டுமா என்பது சிறிய கேள்விதான். சொல்லலாம், ஆனால் விருதுகளையும் தேதிகளையும் படிப்பதைவிட, அடுத்த பாட்டைக் கேட்கும் காதைத் தயார் செய்யும் செய்தி ஒன்று போதும். 1939இல் வெப் இறந்த பின் இருபத்திரண்டு வயதில் அந்த இசைக்குழுவின் தலைமையை அவர் ஏற்றதைச் சவாய்க் காலப் பாடலுக்கு முன் சொல்வது பொருந்தும். நீரிழிவால் 1993இல் இரண்டு கால்களையும் இழந்ததைக் கடைசிப் பாடலுக்கு முன் சொல்லி அரங்கைக் கலங்க வைப்பதை நான் விரும்பவில்லை. 1996இல் மறைந்த அவருடைய பாட்டில் அப்படிப்பட்ட இரக்கத்தைக் கேட்கும் குரல் எங்கும் இல்லை.

கடைசியாக உரிமை. அச்சிட்ட அமைப்பை ஒவ்வொருவருக்கும் ஒரு படி என்று வாங்கிவிட்டால் அமைப்பதற்கான அனுமதி அதிலேயே அடங்கும். மேடையில் பாடுவதற்கான உரிமத்தை மட்டும் அரங்கத்தாரிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். நாமே புதிதாக அமைப்பதென்றால் பாடலின் வயதைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அக்காலத்துப் பாடல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் என்ற கணக்கு இருப்பதால், 1924இல் வந்த ‘ஓ, லேடி பி குட்’ 2020 முதல் அங்கே பொதுவுடைமை. 1940இல் வந்த ‘ஹௌ ஹை த மூன்’ இன்னும் இல்லை. ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்து எண்ணும் நாடுகளில் கதை வேறு: ஜார்ஜ் கெர்ஷ்வின் 1937இலேயே இறந்துவிட்டாலும் சொல் எழுதிய அண்ணன் ஐரா 1983 வரை வாழ்ந்தார், ஆகவே 60 ஆண்டுக் கணக்குள்ள இந்தியாவில் அந்தச் சொற்கள் இன்னும் உரிமைக்கு உட்பட்டவையே. பதிப்பாளருக்கு எழுதிப் பதில் வர மாதங்கள் ஆகலாம் என்பதால், சொந்த அமைப்பு எதுவாக இருந்தாலும் அதற்கான கடிதம் முதல் ஒத்திகைக்கு முன்பே போயிருக்க வேண்டும்.